கோடையும் மடிக்கணினியும்



சென்னைக் கோடையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அத்தகைய நாள்கள் அபூர்வமானவை. ஆனால் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும் நாள்கள் அபூர்வமானவை அல்ல. நான் வசிக்கும் அசோக் நகர் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. மயிலாப்பூரையும் அடையாற்றையும் நண்பகலில் தழுவுகிற கடற்காற்று, மாம்பலத்தைத் தாண்டி எங்கள் அசோகத் தூண் வரை வந்து சேரச் சற்றுத் தாமதமாகும். அந்த இடைவேளையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறைகளில் சுவரைத் தொட்டாலே சுடும்.

இக்கோடையில் மனிதர் வாடுகிறார்கள். செடி கொடிகள் வாடுகின்றன. அவற்றோடு வாடுகிற மற்றொன்றும் இப்போது நம் வீடுகளில் இருக்கிறது. அதுதான் மடிக்கணினி. அது சூடேறுகிறது, அதனுள் இருக்கும் சிறு விசிறி இரைகிறது, வேலை மந்தமாகிறது, சில சமயங்களில், எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு, யந்திரம் தானாகவே நின்றுவிடுகிறது. இது ஏன் நிகழ்கிறது, இதற்கு நாம் செய்யக்கூடியது என்ன என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

இது அற்ப விஷயம் என்று நீங்கள் நினைக்கலாகாது. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்த லட்சக்கணக்கான மாணவர்கள் தங்கள் குடும்பத்தின் முதல் கணினியைப் பெற்றார்கள். அவர்களுள் பலருக்கு அதுவே குடும்பத்தின் ஒரே கணினியும் ஆகும். அண்ணன் படித்து முடித்த பின் தங்கையும், தங்கைக்குப் பின் தம்பியும் அதையே பயன்படுத்துகிறார்கள். அத்தகைய வீட்டில் அந்த யந்திரம் பழுதானால், பழுதாவது யந்திரம் மட்டுமன்று. ஒருவருடைய படிப்பும் அதனோடு தடைப்படும்.

எங்கள் தெருவில் ஒரு மாணவி இருக்கிறாள். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு நாள் மாலை அவளும் அவள் தாயாரும் என்னிடம் வந்தார்கள். “மாமா, பிற்பகல் இரண்டு மணி ஆனால் இது அடுப்பாகிவிடுகிறது. பாதிப் பக்கம் எழுதுவதற்குள் அணைந்துபோகிறது. இன்னும் பத்து நாளில் என் ஆய்வறிக்கையைக் கொடுத்தாக வேண்டும்” என்றாள். தாயார், “இதற்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். அடுத்த மாதம் சீட்டுப் பணம் வருகிறது. அதைக் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று வைத்திருந்தோம். அதில் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறோம்” என்றார். அந்த யந்திரத்தின் ஆயுள் முடியவில்லை. அதனுடைய வெப்பம் வெளியேற வழி இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். அந்த வழி எது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

கணினி ஏன் சூடாகிறது? மின்சாரத்தை உண்டு வேலை செய்யும் எந்தப் பொருளும், தான் உண்ட சக்தியை இறுதியில் ஏதோ ஒரு வடிவில் வெளியிட்டாக வேண்டும். மின்விசிறி அதைக் காற்றின் ஓட்டமாக மாற்றுகிறது. விளக்கு ஒளியாக மாற்றுகிறது. கணினியோ கணக்குப் போடுகிறது. கணக்கு என்பது எங்கும் நகரும் பொருளன்று, எடையுள்ள சரக்குமன்று. ஆகவே கணினி பெறுகிற மின்சக்தியில், திரையின் ஒளியாகவும் ஒலியாகவும் போகும் சிறு பகுதி தவிர, கிட்டத்தட்ட எல்லாமே வெப்பமாக மாறிவிடுகிறது. ஒரு மடிக்கணினி மும்முரமாக வேலை செய்யும்போது 40 அல்லது 50 வாட் மின்சக்தியைச் செலவிடலாம். சும்மா அமர்ந்திருக்கும் ஒரு மனிதனின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. எனவே உங்கள் மேசை மீது இருப்பது, வெப்பத்தைப் பொறுத்த மட்டில், அரை மனிதன் என்று கொள்ளலாம்.

அரை மனிதனின் வெப்பம் பெரிதல்லவே என்று நீங்கள் கேட்கலாம். அளவு பெரிதன்று, அது பிறக்கும் இடம் மிகச் சிறிது என்பதே சங்கடம். கணினியின் மூளையாகிய சிலிக்கன் சில்லின் பரப்பு சுமார் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். கட்டைவிரல் நகத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 15 வாட் சக்தி செலவானால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 வாட் ஆயிற்று. இனி, துணி தேய்க்கும் மின்சார இஸ்திரிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். அது 1,000 வாட் சக்தியை உண்கிறது. ஆனால் அதன் அடித்தகட்டின் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். பரப்பு வீதம் பார்த்தால், உங்கள் கணினியின் சில்லு, துணி தேய்க்கும் பெட்டியைப் போல் இரு மடங்கு வெப்பத்தை வெளியிடுகிறது! பெரிய கணினிகளில் இது இன்னும் மிகுதி. அந்த வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சங்கடம் நேற்று தோன்றியதன்று. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ‘எனியாக்’ என்னும் மின்னணுக் கணினி உலகுக்கு அறிமுகமாயிற்று. பழைய வானொலிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள், உள்ளே செந்நிறமாக ஒளிரும் கண்ணாடி வால்வுகளைக் கண்டிருப்பார்கள். அத்தகைய வால்வுகள் ஏறக்குறைய 18,000 அந்தக் கணினியில் இருந்தன. அது செலவிட்ட மின்சக்தி சுமார் 1,50,000 வாட். இன்றைய மடிக்கணினிகள் மூவாயிரத்தை ஒரே அறையில் ஓடவிட்டால் எவ்வளவு வெப்பம் உண்டாகுமோ, அவ்வளவு வெப்பம் அந்த ஒரே யந்திரத்திலிருந்து வெளிப்பட்டது. அதை வெளியேற்றவே பெரும் காற்றூதிகள் தேவைப்பட்டன. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் 1973ஆம் ஆண்டு ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணினி நிறுவப்பட்டது. அந்தத் தலைமுறைக் கணினிகளுக்கெல்லாம் தனிக் கூடம் வேண்டும். அந்தக் கூடம் இரவும் பகலும் குளிரூட்டப்பட வேண்டும். கணினிக்காகத்தான் அந்தக் குளிர்ச்சி, மனிதருக்காக அன்று.

பின்னர் வால்வுகள் போய், டிரான்சிஸ்டர்கள் வந்தன. 1974ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் ஓர் அருமையான உண்மையை எடுத்துக்காட்டினார்கள். டிரான்சிஸ்டரின் அளவைக் குறைக்கும்போது, அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் அதே வீதத்தில் குறைத்தால், ஒரே பரப்பில் அதிகமான டிரான்சிஸ்டர்களை அடுக்கினாலும் வெப்பம் பெருகாது என்பதே அது. சுமார் 30 ஆண்டுகள் இந்த உண்மை பொறியாளர்களுக்கு வரப்பிரசாதமாக விளங்கியது. ஆனால் டிரான்சிஸ்டர்கள் மிக மிக நுண்ணியவை ஆனபோது, மூடிய குழாயிலிருந்து நீர் கசிவது போல, அணைத்த டிரான்சிஸ்டரிலிருந்தும் மின்சாரம் கசியத் தொடங்கியது. அதன் பின் மின்னழுத்தத்தை மேலும் குறைக்க முடியவில்லை. வெப்பம் மீண்டும் தலைதூக்கிற்று. 2001ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் பாட்ரிக் கெல்சிங்கர், இப்படியே போனால் சில்லுகளின் வெப்பச் செறிவு அணு உலையையும் ராக்கெட்டின் வாயையும் எட்டிவிடும் என்று எச்சரித்தார். 2004ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த நிறுவனம், ‘தேஜஸ்’ என்ற பெயரில் வடிவமைத்துவந்த ஒரு வேகமான சில்லைக் கைவிட்டது. அது உண்ணும் சக்தியும் வெளியிடும் வெப்பமும் அதற்குக் கூற்றுவனாயின. நம் மொழிகளில் தேஜஸ் என்றால் ஒளி, வெம்மை என்று பொருள். பெயருக்கு ஏற்ற முடிவு என்றே சொல்லலாம். அதற்குப் பிறகுதான், ஒரே மூளையை மேலும் மேலும் விரட்டுவதை விட்டு, பல மூளைகளை ஒரே சில்லில் வைத்து, வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை பரவிற்று. உலகத்தின் கணினித் தொழிலையே வெப்பம் வேறு பாதையில் திருப்பிவிட்டது என்றால், நம் வீட்டு மேசையில் அது செய்யும் தொல்லையை நாம் அலட்சியம் செய்யலாமா?

சரி, மடிக்கணினியின் உள்ளே பிறந்த வெப்பம் எப்படி வெளியேறுகிறது என்பதைப் பார்ப்போம். இந்த ஒரு வழியைத் தெரிந்துகொண்டால், பரிகாரங்கள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

சில்லின் முதுகில் ஒரு மெல்லிய பசை பூசப்பட்டிருக்கிறது. உலோகமும் உலோகமும் கண்ணுக்கு ஒட்டினாற்போலத் தோன்றினாலும், நடுவே நுண்ணிய காற்று இடைவெளிகள் இருக்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அந்த இடைவெளிகளை நிரப்புவதே பசையின் வேலை. பசைக்கு மேல் செப்புக் குழாய் ஒன்று தட்டையாகப் படிந்திருக்கும். அது வெறும் குழாய் அன்று. மிக நுட்பமான சாதனம். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் 1963ஆம் ஆண்டில் அதனை உருவாக்கிக் காட்டினார். விண்வெளிப் பணிகளுக்குப் பயன்பட்ட சாதனம் இன்று உங்கள் புத்தகப்பையில் இருக்கிறது.

அக்குழாயினுள் காற்றை நீக்கிவிட்டுச் சில துளி நீரை வைத்து மூடியிருப்பார்கள். காற்றின் அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே சில்லின் சூடு பட்டவுடன் அந்த நீர் ஆவியாகிறது. ஆவி குழாயின் மறுகோடிக்கு ஓடி, அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் நீராகிறது. அந்த நீர் குழாயின் உட்சுவரிலுள்ள நுண்ணிய வலையின் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. மண்பானையின் புறத்தே கசிந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தைத் தன்னுடன் கொண்டுபோவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அதே தத்துவம்தான் இங்கும். ஆனால் பானையில் நீர் வெளியே போய்விடுகிறது. இங்கே திரும்பி வருகிறது. அதுதான் வித்தியாசம்.

குழாயின் மறுகோடியில் மெல்லிய உலோகத் தகடுகள் சீப்பின் பற்களைப் போல அடுக்கப்பட்டிருக்கும். சிறு விசிறி, கணினியின் அடிப்புறத்துத் துளைகள் வழியே அறையின் காற்றை இழுத்து, அத்தகடுகளின் ஊடே ஊதி, பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வெளியே தள்ளுகிறது. சில்லிலிருந்து பசை, பசையிலிருந்து குழாய், குழாயிலிருந்து தகடு, தகட்டிலிருந்து காற்று. இதுதான் வெப்பத்தின் வழி. இதில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் பின்னால் வருகிற வெப்பம் தேங்கி நிற்கும். வடிகால் அடைபட்டால் தெருவில் மழைநீர் தேங்குவதைப் போல.

இங்கே ஒரு சிறு கணக்கு. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாய்கிறது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு விரைவாகப் பாய்கிறது. சில்லு தாங்கக்கூடிய எல்லை சுமார் 100 டிகிரி என்று கொள்வோம். அறை 25 டிகிரியாக இருந்தால் வேறுபாடு 75. அறை 40 டிகிரியாக இருந்தால் வேறுபாடு 60. அதாவது, அதே விசிறியும் அதே குழாயும், கோடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவான வெப்பத்தையே வெளியேற்ற முடியும். மடிக்கணினி தயாரிப்பாளர்கள் பலர், தம் யந்திரத்தை 10 முதல் 35 டிகிரி வரையிலான அறையில் பயன்படுத்துமாறு குறிப்பிடுகிறார்கள். நமது கோடைப் பிற்பகலில், குளிர்சாதனம் இல்லாத அறையில், அந்த எல்லையைத் தாண்டுவது அரிதன்று. நம் கணினி, நம் ஊரைக் காட்டிலும் குளிர்ந்த ஓர் அறையை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

வெப்பம் வெளியேற முடியாதபோது கணினி என்ன செய்கிறது? முதலில் விசிறியை வேகமாகச் சுழற்றுகிறது. அது போதாவிட்டால் தன் வேலையின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதுவும் போதாவிட்டால், எரிந்துபோவதை விட நின்றுபோவதே மேல் என்று தன்னை அணைத்துக்கொள்கிறது. ஆகவே கோடையில் மந்தமாகும் கணினியைச் சோம்பேறி என்று வையாதீர்கள். நடுவெயிலில் மரநிழலில் சற்று நின்று மூச்சு வாங்கும் பாரவண்டி மாட்டைப் போல, அது தன்னைக் காத்துக்கொள்கிறது.

இனி, எங்கள் தெரு மாணவியின் யந்திரத்துக்கு வருவோம். அதை மேசை மீது வைத்து ஓடவிட்டுக் கவனித்தோம். விசிறி பலமாக இரைந்தது. ஆனால் காற்று வெளிவரும் துளையருகே கையை வைத்தால் மூச்சளவு காற்றுக்கூட வரவில்லை. இது நீங்களும் செய்யக்கூடிய எளிய சோதனை. விசிறி இரைந்து, சூடான காற்றும் தாராளமாக வந்தால், வழி திறந்திருக்கிறது, வேலைதான் மிகுதி. விசிறி இரைந்தும் காற்று வராவிட்டால், வழி அடைபட்டிருக்கிறது. அடிப்புறம் சுட்டும் விசிறியின் ஒலியே கேட்காவிட்டால், விசிறி பழுதாகியிருக்கலாம். சில மெல்லிய கணினிகளில் விசிறியே கிடையாது. அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மறுநாள் அவள் தன் தந்தையுடன் அண்ணா சாலையை அடுத்த ரிச்சித் தெருவுக்குச் சென்றாள். மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற அந்தத் தெருவை உங்களில் பலர் அறிவீர்கள். பழுது பார்ப்பவர் அடிமூடியைக் கழற்றியபோது, விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே, போர்வையின் பஞ்சும் தெருப் புழுதியும் தலைமயிரும் சேர்ந்து, கம்பளித் துண்டு போன்ற ஒரு படலம் உறைந்திருந்ததாம். அவள் படுக்கையின் மீது வைத்து எழுதிவந்த யந்திரம் அது. மெத்தை அடித்துளைகளை மூடியதோடு, அதன் பஞ்சையும் சிறுகச் சிறுக உள்ளே அனுப்பியிருந்தது. படலத்தை எடுத்து, காய்ந்துபோயிருந்த பழைய பசையைத் துடைத்துப் புதுப் பசை பூசினார்கள். பிற்பகலில் அணைந்துபோவது அதோடு நின்றது. ஆய்வறிக்கை உரிய நாளில் கல்லூரிக்குப் போயிற்று. சீட்டுப் பணம் கட்டணத்துக்கே போயிற்று.

இதிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை.

மடிக்கணினி என்று பெயர் இருப்பினும் அதனை மடியில் வைக்காதீர்கள். மெத்தையிலும் தலையணையிலும் வைக்காதீர்கள். கெட்டியான, சமமான மேசையோ பலகையோ போதும். பின்புறத்தின் இரு மூலைகளுக்கும் அடியில் சிறு மரக்கட்டைகளை வைத்து ஒரு விரற்கடை உயர்த்தினால் அடிக்காற்று தாராளமாக நுழையும். துளைகளை மட்டும் மறைக்கலாகாது. வெயில் விழும் ஜன்னலோரத்தை விட்டு விலக்கி வையுங்கள். வேண்டாத நிரல்களை மூடிவிடுங்கள். எந்த நிரல் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் பட்டியல் ஒவ்வொரு கணினியிலும் உண்டு. அதைப் பார்த்தால், நீங்கள் அறியாமலே பின்னணியில் ஓடும் படமோ விளையாட்டோ அகப்படும். படத்தொகுப்பு போன்ற கடுமையான வேலைகளை அதிகாலையில் செய்யுங்கள். நம் முன்னோர் ஏர் பூட்டியதும் அந்த வேளையில்தான்.

கூரை மின்விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. விசிறிக் காற்று நமக்குக் குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம், அது நம் வியர்வையை ஆவியாக்குவதே. கணினிக்கு வியர்வை இல்லை. எனவே விசிறி அதை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. ஆயினும் யந்திரம் கக்கிய சூடான காற்று அங்கேயே சூழ்ந்து நிற்காமல் கலைத்துவிடும். அந்த அளவுக்கு நன்மையே.

சிலர் ஈரத்துணியைப் போடுகிறார்கள். ஐஸ் கட்டியை வைக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. குளிர்ந்த நீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறத்தில் நம் கடலோர ஊரில் எப்படி முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்கிறது என்று பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே நீர் கணினியின் உள்ளும் கோக்கும். நீரும் மின்சாரமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பது உங்களுக்குத் தெரியும். சூடேறிய யந்திரத்தை அணைத்து, மின்னிணைப்பை எடுத்து, அரை மணி நேரம் சும்மா விடுவதே சிறந்த வைத்தியம்.

துளைகளில் தெரியும் தூசியை, யந்திரத்தை அணைத்த பின், மெல்லிய தூரிகையால் மாதம் ஒருமுறை துடைக்கலாம். உட்புறத்தைத் திறந்து துப்புரவு செய்வதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். காற்றை ஊதிச் சுத்தம் செய்யும்போது, விசிறி வெறித்தனமாகச் சுழலாதபடி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது போன்ற நுணுக்கங்கள் அதில் உண்டு.

இதுவரை சொன்னது யந்திரத்தின் நலம் பற்றி. உங்கள் நலம் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும்.

முதலாவது, மின்கலம். லித்தியம் அயனி மின்கலம் 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ என்ற மூவருக்கு 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் காலத்தின் அரிய சாதனங்களுள் அது ஒன்று. ஆனால் வெப்பம் அதற்குப் பகை. சூட்டிலேயே நெடுநாள் இருந்தால் அது விரைவில் மூப்படையும். உள்ளே வாயு உண்டாகி உப்பலாம். மிக அரிதாகத் தீப்பற்றவும் கூடும். 2006ஆம் ஆண்டில், தீப்பற்றும் அபாயம் உண்டு என்று கண்டு, டெல் நிறுவனம் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினி மின்கலங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உங்கள் கணினியின் மூடி சரியாக மூடாமல் நின்றாலோ, விரலால் தடவும் பலகை மேலெழும்பி வந்தாலோ, அடிப்புறம் புடைத்து மேசையில் ஆடினாலோ, மின்கலம் உப்பியிருக்கக்கூடும். அப்போது மின்னேற்றம் செய்யாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அணைத்துவிட்டு, தீப்பிடிக்கும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, பழுது பார்ப்பவரிடமோ மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடமோ சேர்ப்பியுங்கள். பல கணினிகளில் 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் ஏற்பாடு உண்டு. எந்நேரமும் மின்னிணைப்பிலேயே வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தினால் மின்கலம் நீண்ட நாள் உழைக்கும்.

இரண்டாவது, உங்கள் தோல். காஷ்மீர மக்கள் குளிர்காலத்தில் ‘காங்க்ரி’ என்னும் கனல் சட்டியை ஆடைக்குள் வைத்துக்கொள்வார்கள். கொப்புளம் உண்டாக்காத மிதமான சூடுதான் அது. ஆயினும் நாள்தோறும் ஒரே இடத்தில் பட்டுப் பட்டு, தோலில் வலை போன்ற கருமை படிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அவ்விடத்தில் புற்றுநோய் தோன்றுவதும் உண்டு என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள், மடிக்கணினியைத் தொடையில் வைத்து மாதக்கணக்கில் விளையாடிய 12 வயதுச் சிறுவனுக்கு அதே போன்ற வலைப்பின்னல் நிறமாற்றம் ஏற்பட்டதை ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். பனிநாட்டுக் கனல் சட்டி செய்யும் வேலையை நம் மடியில் நாமே வைத்துக்கொள்ளும் யந்திரமும் செய்யும் என்பதை மறவாதீர்கள்.

நண்பர்களே, வெப்பமே இல்லாத கணினி வருமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். 1961ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ரால்ஃப் லாண்டவர் என்ற விஞ்ஞானி, எழுதிய ஒரு தகவலை அழிக்கும்போது குறைந்தபட்ச அளவு வெப்பம் வெளிப்பட்டே தீரும் என்று இயற்பியல் வழி நின்று காட்டினார். இன்றைய கணினிகள் அந்தக் குறைந்தபட்ச அளவைக் காட்டிலும் பன்மடங்கு வெப்பத்தை வெளியிடுகின்றன. ஆகவே வெப்பத்தைக் குறைக்க இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அந்த வேலை உங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கிறது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழுந்துள்ள பெரிய தரவு மையங்களில், ஆயிரக்கணக்கான கணினிகளைக் குளிர்விப்பதற்கென்றே பெருமளவு மின்சாரம் செலவாகிறது. 35 டிகிரியைத் தாண்டும் அறையிலும் சோராமல் உழைக்கும் ஒரு மலிவான யந்திரத்தை, வெயிலை அறியாத நாட்டில் இருப்பவர் எண்ணிப் பார்ப்பது அரிது; சென்னையிலும் வேலூரிலும் மதுரையிலும் படிக்கிற ஒருவருக்கு அந்த எண்ணம் எளிதில் தோன்றும்.

அதுவரையில், நம்மிடம் இருக்கும் யந்திரத்தைக் காப்போம். வெப்பத்தை அழிக்க முடியாது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பத்தான் முடியும். அது போகும் வழியைத் திறந்து வைப்பதே நம் பொறுப்பு. யந்திரம் மந்தமானதும் புதிதொன்று வாங்க ஓடுவதற்கு முன், அந்த வழி திறந்திருக்கிறதா என்று ஒருமுறை கை வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் ஓர் ஆண்டுப் படிப்புச் செலவு அந்தச் சிறு சோதனையால் மிஞ்சும்.